கம்பிக்குக் கீழே கேட்ட கேள்வி

மழை விட்டு மூடுபனி இறங்கும் நேரத்தில் என் பெரியம்மா வீட்டுக் கொல்லைப்புறத்தில் நின்றால் ஒரு சத்தம் கேட்கும். சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் 'உஸ்ஸ்' என்று வருமே, அதே சத்தம். தோசைக்கல் சத்தம் உடனே அடங்கிவிடும். இது ராத்திரி முழுக்க இருக்கும்.

கேமரன் மலையில், ரிங்லெட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெரியம்மா இருக்கிறார். பெரியப்பா அந்தத் தோட்டத்திலேயே பிறந்து, அங்கேயே வேலை செய்து, அங்கேயே கண்ணை மூடியவர். அண்ணன் தேயிலைத் தொழிற்சாலையில் இருக்கிறார். அண்ணி மலைக்குப் போகிறார். முன்பு லயத்தில் முப்பது தமிழ்க் குடும்பங்கள் இருந்தனவாம். இப்போது கை விரலுக்குள் அடங்கும். மற்ற வீடுகளில் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்த தொழிலாளர்கள். வீட்டுக்குப் பின்னால் மலைச் சரிவு முழுக்கத் தேயிலை. அந்தச் சரிவுக்கு மேலே, இரும்புக் கோபுரங்களில் தொங்கியபடி, உயர் மின்னழுத்தக் கம்பிகள் போகின்றன. சத்தம் அங்கிருந்துதான் வருகிறது.

கடந்த பள்ளி விடுமுறையில் போயிருந்தேன். தாப்பா வழியாக ஏறும்போது என் மகன் வழக்கம்போல இரண்டு இடத்தில் வாந்தி எடுத்தான். வீட்டுக்குள் நுழைந்தால் ஒரே ஈரத் துணி வாடை. கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் கயிறு கட்டி அண்ணி துணி காயப்போட்டிருந்தார்.

"வெளியே கொடி இருக்கே அண்ணி, அங்கதான வெயில் அடிக்குது?" என்றேன்.

அண்ணி பதில் சொல்லவில்லை. பெரியம்மாதான் சொன்னார்: "அவ இப்ப வெளிய போடுறதில்லம்மா. கம்பிக்குக் கீழ இருக்காம் கொடி."

இரவு எல்லாரும் படுத்த பிறகு அண்ணி எனக்குத் தேத்தண்ணி கலந்து கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தார். போன ஆண்டு அவருக்கு மூன்றாம் மாதத்தில் கரு கலைந்தது. கல்யாணமாகி ஆறு ஆண்டுக்குப் பிறகு வந்த கரு. அதைப் பற்றி நானும் அவரும் அதுவரை பேசியதே இல்லை.

"ஒன்னு கேக்கவா? நீதான ரேடியோல சொன்ன, பெரிய கரண்டு கம்பி உடம்புக்குள்ள டி.என்.ஏ.வ உடைக்கும்னு. நான் கொழுந்துக்குப் போற மலை பூரா அந்தக் கம்பிதான் ஓடுது. எனக்கு அப்ப தெரியல, வயித்துல புள்ளய வச்சிக்கிட்டு மூணு மாசம் அங்கதான் நின்னேன். அதனாலதான் போச்சா?"

தேத்தண்ணி தொண்டையில் நின்றது.

நான் சொன்னது என்ன?

காலை நிகழ்ச்சியில் எனக்கு 'உங்களுக்குத் தெரியுமா?' என்று ஒரு துண்டு உண்டு. இரண்டு பாட்டுக்கு நடுவே முப்பது வினாடி. எங்கேயாவது படித்த சுவையான செய்தி ஒன்றைச் சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுவேன். பழைய பதிவைத் தேடி எடுத்துக் கேட்டேன். இரண்டே வாக்கியம்தான்.

"வலுவான மின்புலம், உயிருள்ள செல்களில் இருக்கும் டி.என்.ஏ.வையே சேதப்படுத்தும் என்று விஞ்ஞானிகள் கண்டிருக்கிறார்கள். அடுத்த முறை உயர் மின்னழுத்தக் கம்பிக்குக் கீழே நிற்கும்போது கொஞ்சம் யோசித்துக்கொள்ளுங்கள்!"

முதல் வாக்கியத்துக்கு ஆதாரம் உண்டு. இரண்டாவது, அடுத்த பாட்டுக்கு முன்னால் ஒரு சுவைக்காக நானே சேர்த்தது. அதை யாரும் எனக்கு எழுதித் தரவில்லை. எந்த ஆய்வும் அப்படிச் சொல்லவில்லை. ஒலிவாங்கியை அணைத்ததும் நான் அதை மறந்துவிட்டேன். அண்ணி மறக்கவில்லை.

ஊடகத் துறையில் பட்டம் வாங்கியவள் நான். 'செய்தியின் மூலத்தைச் சரிபார்' என்று மூன்று ஆண்டு படித்திருக்கிறேன். 'எவ்வளவு?' என்று கேட்கத்தான் கற்றுக்கொள்ளவில்லை. அன்றிரவு அண்ணியிடம், "எனக்குச் சரியாத் தெரியல அண்ணி. தெரிஞ்சுக்கிட்டு வந்து சொல்றேன்" என்றேன். அடுத்த சில வாரங்கள் வேலை முடிந்து வந்து படித்தேன். புரியாததை, இயற்பியல் பாடம் நடத்தும் ஒரு தோழியிடம் கேட்டேன். தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன். என் இரண்டாவது வாக்கியம் உங்கள் வீட்டுக்கும் வந்திருக்கலாம்.

வோல்ட் என்பது உயரம், புலம் என்பது சரிவு

நம் நாட்டின் பெரிய மின் கம்பிகளில் 132 ஆயிரம், 275 ஆயிரம், 500 ஆயிரம் வோல்ட் என்று மின்சாரம் ஓடுகிறது. கேட்டாலே பயம் வரும் எண்கள். ஆனால் உடம்புக்கு முக்கியம் வோல்ட் மட்டும் இல்லை, அது எவ்வளவு தூரத்தில் இறங்குகிறது என்பதுதான்.

தோழி இப்படிச் சொன்னாள்: "தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேல இருக்கு. தாப்பாவுலேர்ந்து வளைஞ்சு வளைஞ்சு ஏறினா ஒன்னும் ஆகாது, உன் மகனுக்கு வாந்தி வரும், அவ்வளவுதான். அதே உயரம் ஒரே செங்குத்துப் பாறையா இருந்தா? வோல்ட் உயரம் மாதிரி. மின்புலம் சரிவு மாதிரி."

அதனால்தான் மின்புலத்தை 'ஒரு மீட்டருக்கு இத்தனை வோல்ட்' என்று அளக்கிறார்கள். உயரக் கம்பிக்கு நேர் கீழே, தரை மட்டத்தில், மீட்டருக்குச் சில ஆயிரம் வோல்ட் இருக்கலாம். அயனியாக்காக் கதிர்வீச்சிலிருந்து பாதுகாப்பதற்கான சர்வதேச ஆணையம் 2010இல் வெளியிட்ட வழிகாட்டி, நம் நாட்டில் உள்ளதுபோல் வினாடிக்கு 50 முறை மாறும் மின்சாரத்துக்கு, பொதுமக்கள் இருக்கும் இடத்தில் மீட்டருக்கு 5,000 வோல்ட் என்று வரையறை வைத்திருக்கிறது.

புலம் அங்கே இருக்கிறது என்பதில் சந்தேகமே வேண்டாம். 2004இல் இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகருக்கு அருகே, ரிச்சர்ட் பாக்ஸ் என்ற கலைஞர் உயர் மின்னழுத்தக் கம்பிகளுக்குக் கீழே ஒரு புல்வெளியில் 1,301 குழல் விளக்குகளை நட்டுவைத்தார். எந்த இணைப்பும் இல்லாமல் அத்தனையும் மங்கலாக ஒளிர்ந்தன. அந்த மாதிரிப் படங்கள் இன்றும் வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. 'விளக்கே எரிகிறதே, நம் உடம்பு என்னாகும்?' என்ற வரியோடு வரும்.

நல்ல கேள்விதான். விளக்குக்குள் இருப்பது மெல்லிய வாயு. நம் உடம்பு உப்புத் தண்ணீர் நிறைந்த பை. மின்சாரம் நன்றாகக் கடத்தும் பொருளுக்குள் இப்படி மெதுவாக மாறும் வெளிப்புலம் எளிதில் நுழைய முடியாது. தோலின் மேற்பரப்பில் மின்னூட்டம் நகர்ந்து, உள்ளே வரப் பார்க்கும் புலத்தைக் கிட்டத்தட்ட முழுவதும் ரத்து செய்துவிடும். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2007 ஆய்வுத் தொகுப்புப்படி, உடம்புக்குள் உண்டாகும் புலம் வெளியே இருப்பதைவிட லட்சம் முதல் பத்து லட்சம் மடங்கு குறைவு. வெளியே 5,000 வோல்ட் இருந்தால் உள்ளே மீட்டருக்கு நூறில் ஐந்து பங்கு வோல்ட்கூடத் தாண்டுவது கடினம்.

நமக்குள்ளேயே ஒரு மின்வேலி

இதற்குப் பிறகு படித்ததுதான் என்னை அசத்தியது. நம் ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் மெல்லிய கொழுப்புச் சவ்வு இருக்கிறது. அதன் தடிமன் ஏறக்குறைய 5 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரில் இரண்டு லட்சம் சவ்வுகளை அடுக்கலாம். நரம்புச் செல் போன்றவற்றில் அந்தச் சவ்வின் உள்பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் இடையே சுமார் 70 மில்லிவோல்ட் வித்தியாசம் எப்போதும் இருக்கிறது. டார்ச் லைட் பேட்டரியில் இருபதில் ஒரு பங்குதான். ஆனால் அது இறங்கும் தூரம் எவ்வளவு குறைவு பாருங்கள்! சரிவாகக் கணக்குப் போட்டால் மீட்டருக்கு 1 கோடியே 40 லட்சம் வோல்ட் வருகிறது.

கம்பிக்குக் கீழே இருக்கும் புலத்தைவிட ஆயிரக்கணக்கான மடங்கு செங்குத்தான மின்புலத்தை நாம் பிறந்ததிலிருந்து ஒவ்வொரு செல்லிலும் சுமந்துகொண்டு இருக்கிறோம். அது இல்லாவிட்டால் இதயம் துடிக்காது, நினைவு ஓடாது. அந்த வேலிக்குப் பின்னால், செல்லின் நடுவில், கருவுக்குள்தான் டி.என்.ஏ. சுருண்டு கிடக்கிறது.

கம்பியிலிருந்து உடம்புக்குள் நுழைந்த அந்தத் துளிப் புலம் ஒரு செல்லின் சவ்வில் கூடுதலாக ஏற்றும் மின்னழுத்தம் எவ்வளவு? தோழி கணக்குப் போட்டுக் காட்டினாள். சாதாரண அளவுள்ள செல் என்றால், சவ்வு தானாகவே வைத்திருக்கும் 70 மில்லிவோல்ட்டில் ஏறக்குறைய ஒரு லட்சத்தில் ஒரு பங்கு.

அப்படியென்றால் விஞ்ஞானிகள் கண்டது?

அதுவும் பொய்யில்லை. ஆனால் அது நடக்கும் இடமே வேறு.

1982இல் எபர்ஹார்ட் நியூமன் என்ற ஜெர்மன் விஞ்ஞானியும் உடன் வேலை செய்தவர்களும் எலியின் செல்களை ஒரு கரைசலில் விட்டு, ஒரு கணத்திலும் சிறு கணம் வலுவான மின் துடிப்பைக் கொடுத்தார்கள். சவ்வில் தற்காலிகமாக ஓட்டைகள் திறந்தன. கரைசலில் கலந்து வைத்திருந்த டி.என்.ஏ. அந்த வழியாக உள்ளே போனது. வெளியிலிருந்து வந்த மரபணு அந்தச் செல்களில் வேலை செய்யத் தொடங்கியது. இன்று உயிர்த்தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகளுக்கு இது அன்றாட ஆய்வகப் பாடம். சென்டிமீட்டருக்கு ஆயிரம் வோல்ட், ஒரு வினாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரம் என்பது வழக்கமான அளவுகளில் ஒன்று. செல்லை இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே, தோல் என்ற காவல் இல்லாமல் வைத்தால்தான் இது நடக்கும்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது எளிது. கொழுந்தைத் தொழிற்சாலையில் வாட்டி, உருட்டி நசுக்குவது எதற்காக? இலையின் செல்களை உடைத்துச் சாற்றை வெளியே கொண்டுவரத்தான். சாறு காற்றோடு கலந்தால்தான் தேத்தூளுக்கு நிறமும் மணமும் வரும். உருளை இயந்திரம் நசுக்கிச் செய்வதை மின் துடிப்பால் நுணுக்கமாகச் செய்யலாம். உருளைக்கிழங்கு சிப்ஸ் செய்யும் பெரிய ஆலைகளில் கிழங்கை வெட்டுமுன் இப்படித் துடிப்பு கொடுத்து இளக்குகிறார்கள்.

இந்தத் துடிப்பு நேராக டி.என்.ஏ.வரை போகுமா? சாதாரணமாகப் போகாது. புலம் வந்ததும் சவ்வு தன்னை மின்னேற்றிக்கொண்டு உள்பகுதியைக் காத்துவிடும். ஆனால் அதற்கு ஒரு மைக்ரோ வினாடி அளவுக்கு நேரம் வேண்டும். அதைவிடக் குறைந்த நேரத்தில் துடிப்பைக் கொடுத்தால்? அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தின் நார்ஃபோக் நகரில் கார்ல் ஷோன்பாக் குழுவினர் இதைத்தான் செய்தார்கள். பத்துகளில் எண்ணக்கூடிய நானோ வினாடிகள், சென்டிமீட்டருக்குப் பல்லாயிரம் வோல்ட். கதவு சாத்தப்படுவதற்குள் விருந்தாளி கூடத்தில் நிற்பதுபோலப் புலம் செல்லின் உள்ளறைவரை போய்விடுகிறது.

அந்த வழியில் 2003இல் வந்த ஓர் ஆய்வில், துடிப்பு வாங்கிய செல்களின் டி.என்.ஏ. சேதமடைந்திருந்தது. 'வால்நட்சத்திரச் சோதனை' என்று ஒன்று இருக்கிறது. செல்லைக் கூழில் பதித்து மின்சாரத்தால் இழுத்தால், உடைந்த டி.என்.ஏ. துண்டுகள் மட்டும் பின்னால் இழுபட்டு, நுண்ணோக்கியில் வால்நட்சத்திரம்போலத் தெரியும். புலமே நேரடியாக அறுத்ததா, அல்லது அடிபட்ட செல் சாகும்போது தன் டி.என்.ஏ.வைத் தானே துண்டாக்கியதா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. நான் வானொலியில் சொன்ன முதல் வாக்கியம் இந்த மாதிரி ஆய்வுகளிலிருந்து பிறந்தது.

இப்போது எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அங்கே மீட்டருக்குப் பத்து லட்சம் வோல்ட்டுக்கு மேல். கம்பிக்குக் கீழே நிற்கும் என் அண்ணியின் உடம்புக்குள் மீட்டருக்கு நூறில் ஐந்து வோல்ட்டுக்கும் கீழே. வித்தியாசம் இரண்டு கோடி மடங்குக்கு மேல். நான் அந்த இரண்டு கோடியை ஒரு மூச்சில் தாண்டி, அடுத்த பாட்டுக்குப் போயிருக்கிறேன்.

உயர் மின்னழுத்தத்திலிருந்து மஞ்சளுக்கு

தேடும்போது ஒரு பெயரைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தேன்: ராஜி சுந்தரராஜன். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகப் பேராசிரியர். உயர் மின்னழுத்தக் கம்பிகளைத் தாங்கும் காப்பான்களைப் பற்றி ஆராய்ந்தவர். கம்பியையும் கோபுரத்தையும் பிரித்து நிறுத்தும் அந்தத் தட்டு வரிசைதான் காப்பான். அதே துறையிலிருந்து மின் துடிப்பால் புற்றுநோய்க்கு என்ன செய்யலாம் என்ற கேள்விக்கு வந்தவர். மருந்து எளிதில் நுழையாத புற்றுச் செல்களில், துடிப்பால் ஒரு கணம் வாசல் திறந்து மருந்தை உள்ளே அனுப்புவது அடிப்படை யோசனை. அந்த மருத்துவ முறைகளைப் பற்றி அவர் தொகுத்த நூல் 2014இல் வெளிவந்தது. வழக்கமான மருந்துகளோடு, நம் மஞ்சளில் இருக்கும் குர்குமினையும் மின் துடிப்போடு சேர்த்து மார்பகப் புற்றுச் செல்களில் ஆய்வகத்தில் சோதித்திருக்கிறார்கள். மஞ்சள் சாப்பிட்டால் புற்றுநோய் குணமாகும் என்று இதைத் தயவுசெய்து அனுப்பிவிடாதீர்கள். நடந்தது ஆய்வகத் தட்டில்.

பிளியோமைசின் என்ற மருந்தைத் துடிப்போடு கொடுக்கும் முறை, தோலிலும் தோலுக்கு அடியிலும் வரும் சில புற்றுக் கட்டிகளுக்கு ஐரோப்பிய மருத்துவமனைகளில் சிகிச்சையாகவே நடக்கிறது. நான் பயமுறுத்தப் பயன்படுத்திய அதே விஷயம், சரியான அளவில், சரியான இடத்தில், ஒருவரைப் பிழைக்க வைக்கிறது.

முழுசாகச் சொல்ல வேண்டியது

கம்பியைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்று எழுதினால் நான் மறுபடி பாதி உண்மை சொன்னவள் ஆவேன். மின்சாரம் ஓடும் கம்பியைச் சுற்றி மின்புலத்தோடு காந்தப்புலமும் உண்டு. இது உடம்புக்குள் நுழையும். 1979இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் நான்சி வெர்ட்ஹைமர், எட் லீப்பர் இருவரும் மின் கம்பிகளுக்கு அருகே வாழ்ந்த குழந்தைகளுக்கு ரத்தப் புற்றுநோய் அதிகமோ என்ற கேள்வியை எழுப்பினார்கள். பல நாடுகளில் ஆய்வுகள் நடந்தன. வீட்டின் சராசரிக் காந்தப்புலம் 0.3 அல்லது 0.4 மைக்ரோடெஸ்லாவுக்கு மேல் இருக்கும் சில வீடுகளில் ஒரு தொடர்பு தென்பட்டது. அது காரணமா, தற்செயலா என்பது முடிவாகவில்லை. டி.என்.ஏ.வின் பிணைப்பை உடைக்கும் ஆற்றல் இந்தப் புலத்துக்கு இல்லை.

2002இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்தக் காந்தப்புலத்தை 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற 2பி பிரிவில் வைத்தது. அதே பிரிவில்தான் ஆசிய முறையில் ஊறவைத்த காய்கறிகளும் இருக்கின்றன. மின்புலத்துக்கோ அப்படி வகைப்படுத்தப் போதிய ஆதாரமே இல்லை என்றது. கரு கலைவது போன்ற மற்றப் பாதிப்புகளுக்கான ஆதாரம், குழந்தை ரத்தப் புற்றுநோய்க்கு இருப்பதைவிடவும் பலவீனமானது என்பது 2007 தொகுப்பின் முடிவு. புது வீடு கட்டும்போது கம்பியிலிருந்து தள்ளிக் கட்டினால் நல்லதுதான். காந்தப்புலம் தூரத்தோடு வேகமாகக் குறையும்.

கம்பியில் நிச்சயமான ஆபத்து ஒன்று உண்டு. நீண்ட அலுமினியக் கம்பு, தண்ணீர்க் குழாய், ஏணி இவற்றைக் கம்பிக்குக் கீழே நிமிர்த்தாதீர்கள். தொட வேண்டிய அவசியமே இல்லை, அருகே போனாலே மின்சாரம் தாவும். கோபுரத்தில் சிக்கிய பட்டத்தை எடுக்கப் பிள்ளைகளை விடாதீர்கள். மூடுபனியில் கேட்கும் 'உஸ்ஸ்' சத்தமோ, கம்பியில் ஒட்டும் நீர்த்துளிகளைச் சுற்றி காற்று மின்னேற்றம் அடைவதால் வருவது. ஈரம் கூடினால் சத்தம் கூடும்.

மலையில் டி.என்.ஏ.வைத் தொடுவது எது என்று கேட்டால், முதலில் வெயில். உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய பத்து விழுக்காடு கூடும். குளிராக இருப்பதால் நமக்குத் தெரிவதில்லை. அடுத்தது சிகரெட் புகை. பூச்சிமருந்து அடிக்கும்போது கையுறை, முகக்கவசம் இல்லாமல் நிற்பதும் உடம்புக்குக் கேடு. தோட்டங்களில் களை கொல்லப் பயன்பட்ட பாராகுவாட் 2020 ஜனவரி முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டதற்குக் காரணம் அதன் கடுமையான நச்சுத்தன்மை. இவற்றைப் பற்றி என் முப்பது வினாடியில் ஒருநாளும் சொன்னதில்லை.

அண்ணிக்குப் பதில்

அடுத்த மாதம் மறுபடியும் மலை ஏறினேன். இந்த முறை மகனைக் கூட்டிப் போகவில்லை.

அண்ணியிடம் இரண்டு கோடிக் கணக்கை முதலில் சொல்லவில்லை. கரு எப்படிக் கலைகிறது என்பதைச் சொன்னேன். தெரியவரும் கருக்களில் பத்தில் ஒன்று முதல் இரண்டு வரை இப்படிப் போய்விடுகின்றன. முதல் மூன்று மாதத்தில் போகிறவற்றில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம் குரோமோசோம் எண்ணிக்கையில் வரும் பிழை. அம்மாவிடமிருந்து 23, அப்பாவிடமிருந்து 23, மொத்தம் 46 வர வேண்டும். முட்டையோ விந்தணுவோ உருவாகும்போது, அல்லது கரு முதன்முதலாகப் பிரியும்போது, ஒன்று கூடிவிடும் அல்லது குறைந்துவிடும். அப்படிப்பட்ட கரு பெரும்பாலும் வளர முடியாமல் நின்றுவிடும். அந்தப் பெண் எங்கே நின்றாள், எதைத் தூக்கினாள், யாரோடு சண்டை போட்டாள் என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. ஒருமுறை இப்படி ஆனவர்களில் பெரும்பாலோருக்கு அடுத்த முறை நல்லபடியாகக் குழந்தை பிறக்கிறது.

"உங்களுக்கு என்ன காரணம்னு என்னால சொல்ல முடியாது அண்ணி. அத யாரும் சோதிச்சுப் பாக்கல. ஆனா கம்பிக்குக் கீழ நின்னதால போச்சுன்னு சொல்ல எந்த ஆதாரமும் இல்ல. ரேடியோல நான் சொன்னது தப்பு."

அண்ணி வெகு நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அப்ப நான் ஒன்னும் பண்ணலியா?"

"இல்ல அண்ணி."

அவர் அழுதார். பெரியம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். ஓர் ஆண்டாக அந்த வீட்டில் ஒரு பெண் தன்னைத்தானே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி வைத்திருந்திருக்கிறாள். சாட்சி சொன்னது என் குரல்.

திரும்பி வந்ததும் நிகழ்ச்சியில் திருத்தம் சொன்னேன். முப்பது வினாடியில் பயமுறுத்த முடிந்தது. சரிசெய்ய நான்கு நிமிடம் ஆனது. ஒரு பாட்டை வெட்ட வேண்டியிருந்தது. முதல் செய்தியைக் கேட்ட எல்லாரும் இரண்டாவதையும் கேட்டிருப்பார்கள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. அதனால்தான் இந்த வாரம் இங்கேயும் எழுதுகிறேன்.

இப்போது என் மேசையில் மூன்று சொல் எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன்: எவ்வளவு? எங்கே? எவ்வளவு நேரம்? அறிவியல் செய்தி எது வந்தாலும் இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகுதான் ஒலிவாங்கியைத் திறக்கிறேன். உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் பயன்படுத்திப் பாருங்கள். அனுப்பிய சித்தப்பாவுக்குக் கொஞ்சம் கோபம் வரலாம். பரவாயில்லை.

போன வாரம் பெரியம்மாவுக்குத் தொலைபேசியில் பேசியபோது, துணி இப்போது எங்கே காய்கிறது என்று கேட்டேன். அண்ணியே வாங்கிப் பேசினார்.

"வீட்டுக்குள்ளதான்."

எனக்கு மனசு இறங்கிவிட்டது. "இன்னும் பயமா இருக்கா அண்ணி?"

"பயமெல்லாம் இல்ல. மூணு நாளா ஒரே பனி. வெளிய போட்டா எங்க காயுது? வெயில் வரட்டும், போடுறேன்."